சந்துக்குள் நுழையும் நாற்காலி

மருத்துவமனை வராந்தாவில் நாம் பார்க்கிற மடக்கு வீல்சேரின் இருக்கை பெரும்பாலும் 45 சென்டிமீட்டர் அகலம். இரு பக்கச் சக்கரங்களும் கையால் தள்ளும் வளையங்களும் சேர்ந்தால் மொத்தம் 65 ஆகிவிடும். மும்பை தாராவியில் 90 அடி ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால், எதிரே ஆள் வந்தாலே தோளைச் சாய்த்து வழிவிட வேண்டிய சந்துகள். காலடியில் சாக்கடையை மூடிய கற்பலகைகள், வாசலுக்கு வாசல் தண்ணீர் டிரம். அங்கே இந்த வண்டி வீடுவரை போய்ச் சேர்வதே பெரும்பாடு.

அது பிறந்ததே வேறு மாதிரி ஊருக்காக. சுரங்க விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு நடமாட்டம் இழந்தவர் அமெரிக்கரான ஹெர்பர்ட் எவரெஸ்ட். 1930களில் லாஸ் ஏஞ்சலிஸில் அவருக்காக நண்பர் ஹாரி ஜென்னிங்ஸ் என்ற பொறியாளர் செய்துகொடுத்த வண்டிதான் இதன் முன்னோடி. இருக்கைக்கு அடியில் பெருக்கல் குறி போல இரண்டு குழாய்கள். மடக்கினால் காருக்குள் அடங்கிவிடும். வழவழப்பான தரையும் சொந்தக் காரும் உள்ளவருக்கு அருமையான ஏற்பாடு.

தாராவியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் எந்த டெய்லரும் அளவெடுக்காமல் சட்டை தைக்க மாட்டார். வீல்சேரை மட்டும் மேடையில் வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டுக் கொடுத்துவிடுகிறோம். இடுப்பு அகலம் 34 சென்டிமீட்டர் உள்ள பெண்ணுக்கு 36 சென்டிமீட்டர் இருக்கை போதும். வண்டியின் மொத்த அகலமும் 56க்கு இறங்கிவிடும். மிச்சமாகும் அந்த 9 சென்டிமீட்டரில்தான் அவர் கழிப்பறைக் கதவைத் தாண்டுவதும் தாண்டாததும் இருக்கிறது. உடம்புக்கு அளவெடுத்தால் சந்துக்கும் அளவெடுத்த மாதிரி.

அடுத்தது பின்சக்கரத்தின் அச்சு. மலிவான வண்டிகளில் அது முதுகுப் பலகைக்கு நேர் கீழே நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். உட்கார்ந்தவரின் எடையில் கணிசமான பங்கு முன்னாலுள்ள சின்னச் சக்கரங்கள்மேல் விழும். அவை கற்பலகை இடுக்கில் சிக்கும், தோள் வலிக்கும். அச்சைக் கொஞ்சம் முன்னே நகர்த்தினால் வண்டி இலகுவாக ஓடும், கையும் வளையத்துக்கு நன்றாக எட்டும். அதிகம் நகர்த்தினால் பின்புறமாகக் கவிழும். ஆளுக்கு ஆள் இந்த இடம் மாறும், ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

யாரும் படம் பிடிக்காத பாகம் மெத்தை. முதுகுத்தண்டு அடிபட்டவருக்குப் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்காது. நாம் உட்கார்ந்த இடத்தில் வலித்தால் நம்மையறியாமல் நெளிவோம். அவருக்கு வலி தெரியாது. எலும்பு அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் நின்று புண் வரும். அது எலும்புவரை இறங்கி, சீழ் பிடித்து, உயிரையே வாங்கிவிடும். நல்ல மெத்தையோடு, அவ்வப்போது கையூன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ளும் பழக்கத்தையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். வெறும் ரெக்சின் துணிமேல் நாள் முழுக்க உட்கார வைக்கும் தர்மத்தை என்னால் தர்மம் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வசதி குறைந்த இடங்களில் வீல்சேர் வழங்குவதற்கென்று உலக சுகாதார நிறுவனம் 2008இல் வழிகாட்டி வெளியிட்டது. அதில் 8 படிகள். உடலைப் பரிசோதிப்பது, பொருத்திப் பார்ப்பது, ஓட்டப் பழக்குவது, பிறகு பழுது பார்ப்பது எல்லாம் அதில் அடக்கம். மும்பையில் இப்படிப்பட்ட மறுவாழ்வுப் பணிக்கென்றே ஹாஜி அலியில் 1955 முதல் ஒரு மத்திய அரசு நிறுவனம் இயங்குகிறது. ஏழைகளுக்கு உபகரணம் தரும் மத்திய அரசின் ஏடிப் திட்டமும் 1981 முதல் இருக்கிறது.

மேடு பள்ளத்துக்கென்றே பிறந்த வண்டிகளும் உண்டு. அமெரிக்காவின் எம்ஐடியில் ஏமஸ் வின்டர் குழு வடிவமைத்த நெம்புகோல் வீல்சேர் இந்தியாவிலும் சோதித்துப் பார்க்கப்பட்டது. கோலின் உச்சியைப் பிடித்துத் தள்ளினால் விசை கூடும், மேடேறலாம். கீழே பிடித்தால் சமதரையில் வேகம் கூடும். சைக்கிள் பாகங்களால் ஆனதால் சைக்கிள் கடையிலேயே பழுது பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கவிழாமல் இருக்க வண்டி நீளமாக இருக்கிறது. வரப்போரம் போவதற்குச் சரி. தாராவிச் சந்து முனையில் அதைத் திருப்புவது எப்படி?

சென்னை ஐஐடியில் உருவான நியோமோஷன் இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்த்திருக்கிறது. அதன் நியோஃபிளை, ஆளுக்கேற்ப 18 விதமாக அளவு மாற்றிச் செய்யும் குட்டையான வீல்சேர். தெருவுக்கு வந்ததும் நியோபோல்ட் என்ற மோட்டார் பாகத்தை முன்னால் மாட்டினால் சின்னச் சக்கரங்கள் தரையிலிருந்து எழும்பிவிடும். பெரிய ஒற்றைச் சக்கரம் பள்ளத்தைச் சமாளிக்கும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம்வரை போகலாம். உள்ளே குட்டை, வெளியே நீளம். 2021இல் அறிமுக விலை நாற்காலிக்கு 39,900 ரூபாய், மோட்டாருக்கு 55,000. கூலித் தொழிலாளிக்கு இது எட்டாத விலைதான்.

எந்த வண்டியாலும் ஆகாத ஒன்றும் உண்டு. தாராவியில் மாடி அறைக்குப் போக, வெளியே செங்குத்தாக நிறுத்திய இரும்பு ஏணிதான் பல வீடுகளில். தாராவியைப் புதிதாகக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு 350 சதுர அடி வீடு என்று அறிவித்திருக்கிறார்கள். வீல்சேர் முழு வட்டமாகத் திரும்ப 5 அடிக்கு 5 அடி வேண்டும், அதாவது 25 சதுர அடி. குளியலறைக் கதவு 90 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. சுவர் எழும்பிய பிறகு இடித்து அகலமாக்குவதைவிட, இப்போதே வரைபடத்தில் அந்தக் கோட்டைச் சற்றுத் தள்ளிப் போடுவது மலிவு.