ஆடிப்பூர வளைகாப்பும் காவிரிநாட்டு வளமும்

சங்கப் புலவர் குடவாயிற் கீரத்தனாரின் பெயரோடு இணைந்து நிலைத்த பழம்பதி குடவாயில். இன்று குடவாசல் என வழங்கித் திருவாரூர் மாவட்டத்தில் அடங்கும் இவ்வூரில், கோச்செங்கட் சோழன் எடுப்பித்தது எனக் கூறப்பெறும் கோணேசுவரர் மாடக்கோயில் உள்ளது. அங்கு அம்மையின் திருப்பெயர் பெரியநாயகி. இவ்வூரைச் சூழ்ந்த நெல்வயல் நாட்டில் ஆடித்திங்கள் பூர நாள் அம்மைக்கு உரிய பெருநாளாகும். திருவாரூரில் கமலாம்பிகைக்கும் நாகப்பட்டினத்தில் நீலாயதாட்சிக்கும் இஃது ஆண்டுப் பெருவிழா. அந்நாளில் அம்மைக்கு நிகழ்த்தப்பெறும் வளைகாப்பின் உட்பொருளை ஈண்டு ஆராய்வோம்.

அம்மையின் திருமேனியைக் கண்ணாடி வளையல்களால் அணிசெய்வர். வளையல்களைச் சரமாகக் கோத்து மாலையாகவும் சார்த்துவர். சித்திரான்ன வகைகளைப் படைத்து, பின்னர் வளையல்களைப் பெண்டிர்க்கு வழங்குவர். சில கோயில்களில் முளைகட்டிய பயற்றை அம்மையின் மடியில் கட்டுதலும் உண்டு. இந்நாளை அம்மை பூப்பெய்திய நாளாகக் கொள்ளும் ஊர்களும் உள. எவ்வாறாயினும், விழாவின் நடுப்பொருள் பெண்மையின் ஈனும் ஆற்றலே என்பது தெளிவு.

இங்கு ஓர் ஐயம் எழுகின்றது. முருகன் இறைவனது நெற்றிக்கண் பொறிகளினின்று சரவணப் பொய்கையில் தோன்றினான் எனக் கந்தபுராணம் கூறும். விநாயகரும் அம்மை தன் கையால் சமைத்த வடிவே என்பது பரவிய வழக்கு. மக்கள் இருவரையும் அம்மை வயிற்றில் சுமந்திலள். அங்ஙனமாயின் சூலுக்குரிய சடங்கை அவளுக்குச் செய்வது ஏன்?

புராணத்தில் கிடையாத விடை கழனியில் கிடைக்கின்றது எனக் கருதுகின்றோம். ஆடி விதைப்புக்குரிய திங்கள். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது உழவர் மொழி. அத்திங்கள் 18ஆம் நாளில் காவிரியைச் சூல்கொண்ட பெண்ணாக எண்ணி, அவள் மசக்கைக்கெனச் சித்திரான்னம் படைத்து, காதோலை, கருகமணி முதலியவற்றை ஆற்றில் விடுவர். ஆற்றுக்குச் செய்யும் மசக்கைப் படையலும் அம்மைக்குச் செய்யும் வளைகாப்பும் ஒரே திங்களில், ஒரே வகை உணவோடு அமைதல் தற்செயலன்று. புதுப்புனல் ஏற்ற நிலமே சூல்கொண்டவள். மடியில் கட்டிய முளைப்பயறு வயலில் முளைக்கும் வித்தின் குறி.

இவ்விழா எப்பொழுது தோன்றியது? மயிலையின் விழாக்களைத் திங்கள்தோறும் அடுக்கிக் கூறும் சம்பந்தரின் பூம்பாவைப் பதிகத்தில் ஆடிப்பூரம் இடம்பெறவில்லை. ஒரு பதிகத்தின் மௌனம் கொண்டு அக்காலத்தில் இவ்விழா எங்கும் இல்லை எனத் துணிதல் ஆகாது. எனினும், அம்மைக்குத் தனிக்கோயிலாகிய திருக்காமக்கோட்டம் பெருகியது பிற்காலச் சோழர் காலத்தில் என்பதால், உழுகுடியினரின் பழஞ்சடங்கு அதன்பின் கோயில் விழாவாக விரிந்திருத்தல் கூடும்.

அசாம் மாநிலத்துக் காமாக்கியாக் கோயிலில் நிகழும் அம்புபாச்சி விழா இதனோடு ஒப்பிடத்தக்கது. ஜூன் திங்களில் பெருமழை தொடங்கும் பொழுது தேவிக்கு மாதவிலக்கு எனக் கருதி மூன்று நாள் கோயிலை அடைப்பர், உழவும் நிறுத்துவர். அங்கும் இங்கும் மண்ணும் பெண்ணும் ஒன்றாக எண்ணப்படுகின்றன. ஆங்குப் பூப்பு, ஈங்குப் பெரிதும் சூல் என்பதே வேறுபாடு.

இல்லத்து வளைகாப்பில் மகப்பேறு இல்லாத பெண் ஒதுங்கி நிற்கும் கொடுமை நம்மிடையே நெடுங்காலம் நிலவியது. அம்மையின் வளைகாப்பில் அவளே முன்வந்து கைநீட்டி வளையல் பெறுகின்றாள். வயிற்றில் சுமவாத அம்மையே உலகிற்குத் தாய் எனின், அப்பெண்ணை ஒதுக்குதற்கு யாது காரணம் உண்டு?

மற்றொன்றும் எண்ணத்தக்கது. 1934இல் மேட்டூர் அணை எழுந்த பின் புதுப்புனல் வரவு பெரிதும் மதகின்வழிப்பட்டது. ஜூன் 12 அணைதிறப்புக்குரிய நாள். 2024இல் ஜூலை 28 அன்றே திறக்கப்பெற்றது. நீர் பிந்தினும் பூரநாள் பிந்துவதில்லை. வறண்ட வாய்க்காற்கரையில் நின்று வளையல் பெறும் பெண், தன் மகவுக்காக மட்டுமன்றி வயலுக்காகவும் வேண்டுகின்றாள். அவ்விரு வேண்டுதலும் ஒன்றே என்பதே இவ்விழா உணர்த்தும் பொருள் ஆகும்.