வேலைகளைக் குறித்து வைக்க எந்த புரோகிராம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "செய்ய வேண்டிய வேலைகளைக் குறித்து வைக்க எந்த சாப்ட்வேர் நல்லது?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்களிடம் இருப்பது வெறும் பட்டியலா, அல்லது ஒரு திட்டமா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் தேர்வு எளிதாகிவிடும்.

பட்டியல் மட்டும் என்றால்...

மின் கட்டணம், பள்ளிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ் போன்றவை ஒன்றை ஒன்று சாராதவை. இவற்றுக்கு மைக்ரோசாப்ட் டூ டூ அல்லது கூகுள் டாஸ்க்ஸ் போதும். இரண்டும் இலவசம். ஆனால் அந்தந்த நிறுவனத்தில் உங்களுக்கு ஓர் அக்கவுண்ட் வேண்டும். கம்ப்யூட்டரில் எழுதியதை செல்போனிலும் பார்க்கலாம். நான் சென்னை செல்லும் மின்சார ரயிலில் அப்படித்தான் பார்க்கிறேன்.

இவற்றைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. நம் வீட்டு மின் கட்டணம் 2 மாதங்களுக்கு ஒருமுறை வருவது. "ஒவ்வொரு 2 மாதமும்" என்று நினைவூட்டலை அமைத்துப் பாருங்கள். மேலே சொன்ன இரண்டிலும் இது முடியும். இந்த வசதி இல்லாத புரோகிராமை ஒதுக்கிவிடலாம்.

திட்டம் என்றால்...

மணவூரில் எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை கட்டினோம். முதலில் சென்ட்ரிங் அடிக்க வேண்டும். பிறகு கம்பி கட்ட வேண்டும். எலக்ட்ரீஷியன் பைப் பதித்த பின்னரே கூரைக்கு கான்கிரீட் போட முடியும். பைப் பதிக்காமல் போட்டுவிட்டால் பின்னர் கான்கிரீட்டைக் கொத்த வேண்டியதுதான். எலக்ட்ரீஷியன் 2 நாள் தள்ளி வந்தால், கலவை மெஷினுக்கும் ஆட்களுக்கும் சொன்ன தேதி எல்லாம் மாறும். போதாக்குறைக்கு ஆடிக் கிருத்திகை வேறு குறுக்கே வந்தது. திருத்தணிக்குக் காவடி கிளம்பும் அந்த நாட்களில் எங்கள் பக்கம் வேலைக்கு ஆள் கிடைப்பது அரிது.

இத்தகைய வேலைக்குப் பட்டியல் போதாது. எது எதற்குப் பின் என்று காட்டும் புரோகிராம் தேவை. இதற்கு நான் பயன்படுத்தியது கான்ட் ப்ராஜக்ட். இலவசமானது, இன்ஸ்டால் செய்த பின் இன்டர்நெட் இல்லாமலும் இயங்கும். ஒவ்வொரு வேலையும் ஒரு பட்டையாகத் தெரியும். ஒரு பட்டையை அடுத்ததுடன் இணைத்துவிட்டால், முதல் வேலை தள்ளிப் போகும்போது அடுத்ததும் தானாகத் தள்ளிப் போகும். விடுமுறை நாட்களையும் குறித்து வைக்கலாம். இவ்வகைப் படத்தைப் பரவலாக்கிய அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கான்ட் பெயரே இதற்கு வைக்கப்பட்டுள்ளது.

வெவ்வேறு ஊரில் இருக்கும் சிலர் சேர்ந்து ஒரே திட்டத்தைப் பார்க்க வேண்டுமானால், தமிழ்நாட்டு நிறுவனமான ஸோஹோ தரும் ஸோஹோ ப்ராஜக்ட்ஸ் உண்டு. 1996ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009ல் ஸோஹோ எனப் பெயர் மாறிய நிறுவனம் இது. சிறு குழுக்களுக்கு இலவசத் திட்டம் உள்ளது. எத்தனை பேர், எத்தனை திட்டங்கள் என்ற வரம்பைச் சேரும் முன் பார்த்துக் கொள்ளவும்.

வெளியே எடுக்க முடியுமா?

எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதைக் கட்டாயம் பாருங்கள். வுண்டர்லிஸ்ட் என்ற புரோகிராம் உலகெங்கும் பலர் விரும்பிப் பயன்படுத்தியது. அதை 2015ல் மைக்ரோசாப்ட் வாங்கியது. 2020 மே 6ல் அது நிறுத்தப்பட்டது. தங்கள் பட்டியலை டூ டூவுக்கு மாற்றிக்கொள்ள வழி தரப்பட்டது. எல்லா நிறுவனமும் அப்படி வழி தரும் என்று சொல்ல முடியாது. வருடக் கணக்கில் எழுதி வைத்த தேதிகளும் குறிப்புகளும் நம்முடையவை. அவற்றின் நகல் நம் கையில் இருக்க வேண்டும்.

எனவே முதல் நாளே 50 வேலைகளை எழுதிவிடாதீர்கள். 5 வேலைகளை மட்டும் தமிழில் டைப் செய்திடுங்கள். பின் எக்ஸ்போர்ட் வசதியைத் தேடுங்கள். கான்ட் ப்ராஜக்ட் தன் பைலை சிஎஸ்வி வடிவில் தரும். அதை லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறக்கும்போது யூனிகோட் யுடிஎப்-8 என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இல்லையேல் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகவோ புரியாத குறிகளாகவோ தெரியலாம். அந்த 5 வரிகளும் சரியாகத் தெரிந்தால், மீதியைத் தைரியமாக எழுதத் தொடங்கலாம்.