விலக்கப்பட்டதையே வழிபாடாக்கியவர்கள்

ஆடித்தபசு அன்று சங்கரன்கோவில் ரத வீதியில் கால் வைக்க இடம் இருக்காது. சுற்றுப்பட்டுக் கிராமங்களில் இருந்து வரும் சம்சாரிகள், தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் சூறைவிட்டு அம்மனைக் கும்பிடுவார்கள். அந்தத் திருவிழாவின் கதை நமக்கெல்லாம் தெரியும். சங்கன், பதுமன் என்ற இரு நாகர்களுக்குள் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வழக்கு வந்தது. கோமதி அம்மன் தவம் இருந்தாள். இருவரும் ஒன்றே என்று காட்ட, ஒரு பாதி சிவனாகவும் மறுபாதி திருமாலாகவும் சங்கரநாராயணர் காட்சி தந்தார்.

நல்ல கதைதான். ஆனால் சேரியில் இருந்தவர்களின் கேள்வி வேறு. எந்தச் சாமி பெரியவர் என்று அவர்கள் கேட்கவில்லை. சாமிக்கு முன்னால் போய் நிற்க எங்களுக்கு வழி உண்டா என்றுதான் கேட்டார்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939 ஜூலை 8-ல். கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்ததும் அதே ஆண்டில்தான்.

அதுவரை எல்லாரும் கதவு திறக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. இந்தியாவின் பல மூலைகளில் ஒடுக்கப்பட்ட மக்கள் தங்களுக்கென்று தனி வழியே உண்டாக்கிக்கொண்டார்கள். பாடப்புத்தகத்தில் வரும் ஆறேழு மதங்களில் அவை இல்லை. ஆனால் அவற்றின் சடங்குகளை உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். சாதி எதைத் தடுத்ததோ, அதுவே அங்கே வழிபாடாக மாறியிருக்கிறது.

தலைப்பாகையும் கிணறும்

முதலில் நமக்குப் பக்கத்தில் உள்ளதைப் பார்ப்போம். பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் நாடார்களும் அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்ட சாதியினரும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. ஆளுக்குத் தலைவரியும் கட்ட வேண்டும். அந்த மண்ணில், கன்னியாகுமரிக்கு அருகே இன்று சாமித்தோப்பு எனப்படும் ஊரில், முத்துக்குட்டி என்ற பெயரோடு வாழ்ந்தவரே அய்யா வைகுண்டர். 1833-ல் திருச்செந்தூர்க் கடலில் இருந்து புது அவதாரமாக அவர் வெளிப்பட்டார் என்பது அய்யாவழி மக்களின் நம்பிக்கை. திருவிதாங்கூர் அரசு அவரைப் பிடித்துச் சிறையில் வைத்தது. 1851-ல் அவர் மறைந்தார்.

அய்யாவழிப் பதிக்குள் போகும் ஆண்கள் தலையில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். மற்ற இடங்களில் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டுவது பணிவு என்று பழக்கியிருந்தார்கள். இங்கே அதே துண்டு தலைக்கு ஏறியது. கருவறையில் சிலை இல்லை; கண்ணாடியும் விளக்கும் இருக்கும். கும்பிடுகிறவர் தன் முகத்தைத்தான் அதில் பார்ப்பார். சாமித்தோப்பில் உள்ள முத்திரிக் கிணறு பல சாதியினரும் ஒன்றாகத் தண்ணீர் இறைத்துக் குளிப்பதற்காக வெட்டப்பட்டது. துவையல் பந்தி என்ற பெயரில் குடும்பங்கள் கூடி, துணி துவைத்து, குளித்து, ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். விழுந்து கிடப்பவரைத் தூக்கி விடுவதே தர்மம் என்பது இந்த வழியின் அறம். கிணற்றையும் பந்தியையும் பார்த்தாலே அது விளங்கும்.

நம் வட்டாரத்திலும் நிழல் தாங்கல்கள் இருக்கின்றன. அங்கே அன்னதானம் நடக்கும் நாளில் ஊரின் எல்லாத் தெருக்காரர்களும் ஒரே பந்தியில் உட்காருகிறார்களா என்று பார்ப்பது நம் வேலை. அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமையைத் தந்தது அய்யாவழிதான்.

தலையையே அடையாளமாக்கிய இன்னொரு கூட்டம் கடல் கடந்து ஜமைக்காவில் இருக்கிறது. கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டு போகப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள், 1930-களில் ராஸ்தஃபாரி என்ற மதத்தை உண்டாக்கினார்கள். சடை விட்ட முடி அவர்களுக்குப் புனிதம். வெள்ளைக்காரர் இழிவாகப் பேசிய அதே முடி. 1963-ல் அவர்கள் மீது பெரும் அடக்குமுறை நடந்தது. அதற்கு அந்நாட்டுப் பிரதமர் 2017-ல் மன்னிப்புக் கேட்டார்.

உடம்பில் எழுதிய பெயர்

நம் ஊர்ப் பாட்டிமார் கையில் பச்சை குத்தியிருப்பதைப் பார்த்திருக்கிறோம். சத்தீஸ்கரில் ராம்நாமிகள் என்ற மக்கள் உடம்பெல்லாம் ஒரே சொல்லைப் பச்சை குத்தியிருப்பார்கள். அது ராமன் என்ற பெயர். நெற்றி, கன்னம், மார்பு, கை, கால் எங்கும் அந்தப் பெயர்தான். கோயிலுக்குள் விடமாட்டோம் என்று சொல்லப்பட்ட மக்கள் அவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சார்பாரா கிராமத்தில் பரசுராம் என்பவர் தொடக்கி வைத்த வழி இது. பூட்டிய கோயிலைத் தேடிப் போகாமல் தங்கள் உடம்பையே கோயிலாக்கிக்கொண்டார்கள். சிலை வணக்கம் இல்லை. பெயர் எழுதிய துணியைப் போர்த்தி, காலில் சலங்கை கட்டிப் பாடுவதே வழிபாடு. இப்போது இளைஞர்கள் உடம்பு முழுக்கப் பச்சை குத்துவது குறைந்துவிட்டது. வேலைக்குப் போகும் இடத்தில் உடம்பே சாதியைச் சொல்லிவிடுமே என்ற தயக்கமும் அதற்கு ஒரு காரணம்.

அதே சத்தீஸ்கரில் 1756-ல் பிறந்தவர் குரு காசிதாஸ். அவர் காட்டிய சத்நாமி வழியில் கடவுளுக்கு உருவம் கிடையாது, சத்தியமே கடவுள். ஊர் நடுவே ஒரு வெள்ளைக் கம்பமும் வெள்ளைக் கொடியும் நாட்டுவார்கள். கள், சாராயம், இறைச்சி, புகையிலை கூடாது. இன்னொரு விதி நம் சம்சாரிகள் கவனிக்க வேண்டியது. நண்பகலுக்கு மேல் ஏர் பூட்டக் கூடாது. மாட்டுக்கு இரக்கம் காட்டும் விதி அது. மாடு நின்றால் அதன் பின்னால் நடக்கும் பண்ணையாளும் நிழலில் உட்காரலாம். டிசம்பர் 18-ல் அவர் பிறந்த நாளைச் சத்நாமிகள் பெருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள்.

பள்ளிக்கூடமும் பக்திதான்

வங்காளத்தில் தீண்டாமைக்கு ஆளான நாமசூத்திரர்களிடையே 1812-ல் பிறந்தவர் ஹரிசந்த் தாக்கூர். அவர் வழியைப் பின்பற்றுவோர் மதுவாக்கள். வாய் நாமம் சொல்லட்டும், கை வேலை செய்யட்டும் என்றார் அவர். காவியும் வேண்டாம், தீர்த்த யாத்திரையும் வேண்டாம். குடும்பத்தில் ஒழுக்கமாக வாழ்வதே போதும். மதுவாக்கள் டங்கா என்ற பெரிய மேளத்தைக் கொட்டி, செங்கொடி பிடித்து, ஆடிப் பாடித் திருவிழாவுக்கு வருவார்கள்.

அவர் மகன் குருசந்த் தாக்கூர் ஒரு படி மேலே போனார். பட்டினி கிடந்தாவது பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்பதே அவருடைய உபதேசம். கிராமம் கிராமமாகப் பள்ளிக்கூடங்கள் வந்தன. இழிவான சாதிப் பெயர் போய், 1911 மக்கள்தொகைக் கணக்கில் நாமசூத்திரர் என்று பதிவானது. இந்த மக்களிடம் இருந்து வந்தவர்தான் ஜோகேந்திரநாத் மண்டல். 1946-ல் அண்ணல் அம்பேத்கரால் பம்பாயில் இருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போக முடியாத நிலை. அப்போது மண்டலும் தோழர்களும் முன்னின்று, வங்காளத்தில் இருந்து அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். ஓராக்காண்டியில் ஒரு குரு திறந்த பள்ளிக்கூடத்துக்கும் நம் அரசியலமைப்புச் சட்டத்துக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

அழுவதும் ஒரு வழிபாடு

செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலையைத் தாண்டினால் கேரளம். நம் ஊர்க்காரர்கள் பலர் வேலைக்குப் போய் வரும் பாதை. பத்தனம்திட்டா மாவட்டத்தில் திருவல்லாவுக்கு அருகே இரவிபேரூர் என்ற ஊர். 1879-ல் அங்கே பறையர் குடும்பத்தில் பிறந்தவர் பொய்கையில் யோகன்னான். கிறிஸ்தவ சபையில் சேர்ந்து போதகர் ஆனார். அங்கேயும் சாதி தனித்தனியாகத்தான் உட்கார்ந்திருந்தது. வெளியேறி, பிரத்யட்ச ரட்சா தெய்வ சபை என்ற சொந்தச் சபையைத் தொடங்கினார். குமார குருதேவன் என்று மக்கள் அவரை வணங்குகிறார்கள். திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் மக்கள் சபையில் இருமுறை உறுப்பினராக இருந்து, நிலமும் கல்வியும் கேட்டுப் பேசினார்.

அந்தச் சபையில் முக்கியமான சடங்கு, முன்னோர் கதையைக் கூடி உட்கார்ந்து கேட்பது. திருவிதாங்கூரில் 1855 வரை அடிமை முறை சட்டப்படி இருந்தது. நிலத்தோடு ஆட்களையும் விற்றார்கள். தகப்பன் ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம் விற்கப்பட, குழந்தைகள் அநாதையாய் நிற்பார்கள். மாட்டோடு மனிதனையும் சேர்த்து ஏரில் பூட்டினார்கள். இதையெல்லாம் பாட்டாகவும் பேச்சாகவும் கேட்டு மக்கள் கதறி அழுவார்கள். எங்கள் இனத்தைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லையே என்பது அவர் பாட்டுகளின் ஏக்கம். எழுதப்படாத வரலாற்றை அவர் வழிபாட்டில் வைத்துக் காப்பாற்றினார்.

தமிழகத்திலும் இந்த வேலை நடந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் இலங்கையில் பஞ்சசீலம் ஏற்று, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். கோலார் தங்கவயலிலும் ரங்கூனிலும் அதற்குக் கிளைகள் இருந்தன. 1907-ல் அவர் தொடங்கிய பத்திரிகையில் தீபாவளி, கார்த்திகை தீபம் போன்ற நம் பண்டிகைகளுக்கே பௌத்த விளக்கம் எழுதினார். இழிந்தவர் என்று சொல்லப்பட்டவர்கள் ஒரு காலத்தில் இந்த மண்ணின் அறத்தைக் காத்த பௌத்தர்கள் என்பது அவர் வாதம்.

கணக்கில் ஒரு பெயர்

பஞ்சாபில் மங்கு ராம் என்பவர் 1926-ல் ஆதி தர்மம் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 1931 மக்கள்தொகைக் கணக்கில் எங்கள் மதம் ஆதி தர்மம் என்றே எழுதுங்கள் என்று ஊர் ஊராய்ச் சொன்னார்கள். மிரட்டல்களையும் தாண்டி 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படியே பதிந்தார்கள். அதே பஞ்சாபின் ரவிதாசர் வழியினரில் ஒரு பிரிவினர் 2010-ல் தங்களைத் தனி மதமாக அறிவித்தார்கள்.

இங்கேதான் ஒரு முடிச்சு இருக்கிறது. 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். வேறு மதம் என்று எழுதினால் அந்த உரிமைக்குச் சிக்கல் வரும். அதனால் மனதில் ஒரு மதமும் சான்றிதழில் ஒரு மதமுமாக வாழ்கிறவர்கள் உண்டு. இழிவு மட்டும் மதம் பார்க்காமல் கூடவே வருகிறது. 1981-ல் நம் மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கானோர் இஸ்லாத்தைத் தழுவியபோது நாடே அதைப் பேசியது. அவர்களை அந்த முடிவுக்குத் தள்ளிய அவமானத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

கையில் கட்டும் கயிறு

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன எல்லாமே அடையாளங்கள்தான். தலைப்பாகை, பச்சை, வெள்ளைக்கொடி, மேளம். அடையாளம் நம் மாவட்டப் பள்ளிகளிலும் இருக்கிறது. கையில் கட்டும் கலர் கயிறு. 2023-ல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, நீதியரசர் சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. சாதியைக் காட்டும் கயிறும் பொட்டும் பள்ளிக்குள் கூடாது என்று 2024-ல் அந்தக் குழு பரிந்துரைத்தது.

இரண்டுமே துணிதான், நூல்தான். ஆனால் அய்யாவழித் தலைப்பாகை, நானும் உனக்குச் சமமான மனிதன் என்று சொல்கிறது. கலர் கயிறு, நான் உன்னைவிட மேல் என்று சொல்கிறது. ஒரு சடங்கு நல்லதா என்று அறிய பெரிய சாஸ்திரம் எதுவும் வேண்டாம். அது யாரைச் சேர்க்கிறது, யாரைத் தள்ளுகிறது என்று பார்த்தால் போதும்.

அடுத்த முறை நிழல் தாங்கல் பக்கம் போனால் உள்ளே சென்று அந்தக் கண்ணாடிக்கு முன் நில்லுங்கள். தலையில் துண்டு கட்டியிருக்கட்டும். கையில் கயிறு கட்டியிருந்தால், உள்ளே போகும் முன் அவிழ்த்துவிடுங்கள்.