'விசேஷம் உண்டா?'

ஒத்தக்கடையில் பஸ்ஸுக்கு நிற்கும் ஆசாமியிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, 'டீ சாப்பிட்டாச்சா?' கல்யாணமாகி ஆறு மாசம் ஓடிவிட்டால் கேள்வி மாறிவிடும். 'என்ன தம்பி, விசேஷம் ஏதும் உண்டா?'

எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். பி.காம். புத்தி சும்மா இருக்குமா? வாரத்துக்கு ரெண்டு பேர் என்றாலும் முந்நூத்தம்பது தடவைக்கு மேல் இதை வாங்கியாச்சு. வட்டி தனி!

யானைமலையைப் பார்த்தபடி டீக்கடையில் இதைச் சொல்லிப் புலம்பினேன். நண்பன் சிரிக்கவில்லை.

"நீயாவது 'இன்னும் இல்லே'ன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். எங்க வீட்லயும் பேரன் கேக்குறாங்க. நான் என்னத்தைடா சொல்ல?"

அவனுக்கு ஆண்கள் மேல்தான் நாட்டம். எனக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியாது.

"எனக்கும் பிள்ளைன்னா உசுருதான். அதுக்காக ஒரு பொண்ணு வாழ்க்கையைக் கெடுக்கவா?"

நம் பக்கத்தில் பிள்ளை என்பது வெறும் பிள்ளையா? குலதெய்வத்துக்கு மொட்டை, தாய்மாமன் மடியில் காதுகுத்து, கடைசியில் கொள்ளி... எல்லாவற்றுக்கும் மேலே, 'இவன் ஆம்பளைதான்' என்பதற்கு ஊர் கேட்கும் ரசீது!

நண்பன் பக்கத்திலிருந்த ஐகோர்ட் மதுரைக் கிளைப் பக்கம் கை காட்டினான். 2019 ஏப்ரல் 22-ல் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அங்கேதான் திருநங்கையும் 'மணமகள்'தான் என்று தீர்ப்பளித்தார். தூத்துக்குடி கோயிலில் தாலி கட்டிக்கொண்ட ஒரு ஜோடியின் கல்யாணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கு அது. இடைப்பாலினக் குழந்தைகளுக்கு 'சரி செய்கிறேன்' என்று ஆபரேஷன் பண்ணக் கூடாது என்றதும் அதே தீர்ப்புதான். அந்த ஆகஸ்டிலேயே, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி தடை என்று தமிழக அரசு உத்தரவு போட்டது. பெத்தவங்களுக்கு அதைவிடப் பெரிய பாடம் உண்டா? வந்த பிள்ளையை வந்தபடி ஏத்துக்கோ!

ஆனால் நண்பன் கணக்கு நேராகவில்லை. 2023 அக்டோபர் 17-ல் சுப்ரீம் கோர்ட் ஒரே பாலினக் கல்யாணத்தை ஏற்க மறுத்தது. ஜோடியாகத் தத்தெடுக்க ரெண்டு வருஷத் தாம்பத்தியம் வேண்டும் என்ற விதியும் மூணுக்கு ரெண்டு என்ற கணக்கில் தப்பித்தது. தனி ஆண் பையனைத் தத்தெடுக்கலாம். பெண் குழந்தை கூடாது. வாடகைத்தாயும் 2021 சட்டப்படி அவனுக்குக் கிடையாது.

"ஒண்டிக்கட்டைன்னு மனு போடலாம். கூட வாழறவன் பேரை எழுத அதுல கட்டமே இல்லையேடா!"

அக்கம்பக்கம் பார்த்தால் ஆறுதல் இல்லாமலில்லை. கோழிக்கோட்டில் 2023 பிப்ரவரியில் திருநம்பி ஒருவர் பிள்ளை பெற்றார். அப்பா, அம்மா என்று பிரிக்காமல் 'பெற்றோர்' என்றே சர்ட்டிபிகேட் கொடுங்கள் என்று 2025-ல் கேரள ஐகோர்ட் சொல்லிவிட்டது. நம் திருநங்கைகளோ எந்தக் கோர்ட்டையும் கேட்கவில்லை. வீடு விரட்டிவிட்டவளை மூத்தவர் ஒருவர் மகளாக எடுத்துக்கொள்வது அவர்களின் பழைய வழக்கம்.

பஸ் வந்தது. ஏறும்போது பழக்கப்பட்ட பெரியவர் ஒருவர், "என்னப்பா, விசேஷம் உண்டா?" என்றார்.

"உண்டு பெரியப்பா, உட்கார சீட் கிடைச்சிருக்கு!" என்றான் நண்பன். பஸ்ஸே சிரித்தது. அவன் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் ஆபீஸில் புது மாப்பிள்ளை ஒருத்தர் எதிரே வந்தார். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முழுங்கிவிட்டுக் கேட்டேன்:

"சார், டீ சாப்பிட்டாச்சா?"