பனி மேலே இருந்து விழுகிறதா?



மாசி மாதம் வந்தாலே ஒரு வேடிக்கை. காலையில் போர்வையை விட்டு எழ மனம் வராது. பதினோரு மணிக்கு, 'உஸ்... என்ன வெயில்!' என்று மின்விசிறியைத் தேடுவோம். குளிரும் வெயிலும் ஒரே நாளில் எப்படி வருகின்றன? இந்த விஷயத்தை என்னைத் தேடிப் படிக்க வைத்தவன், ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன்.

அது 1986ம் ஆண்டு. ஊட்டியை அடுத்த ஒரு சிற்றூரில், துவக்கப் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். நான் சமவெளியில் பிறந்தவன். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உள்ள ஊரின் குளிர் எனக்குப் புதிது. நவம்பரில் நீர்ப்பனி தொடங்கியது. ஜனவரியில் ஒரு நாள் கதவைத் திறந்தால், புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டியது போல வெள்ளை வெளேர் என்றிருந்தது. உறைபனி! சின்னப் பிள்ளை மாதிரி கையில் அள்ளிப் பார்த்தேன்.

மறுநாளும், அதற்கு மறுநாளும் அந்த மாணவன் வகுப்புக்கு வரவில்லை. வீட்டுக்கே போனேன். ஓடையை ஒட்டி அவர்களுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் உண்டு. செடிகள் எல்லாம் நெருப்பில் வாட்டியது போலக் கருகி நின்றன. இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து, நுண்ணிய செல்கள் சிதைந்துவிட்டன. அதன் பிறகு வெயில் பட்டதும் இலை பழுப்பாகிவிடுகிறது. நான் ஆசையாக அள்ளிய பனி செய்த வேலை இது!

''இனி மழை வந்தாத்தான் கொழுந்து வரும் சார். அதுவரைக்கும் வருமானம் கிடையாது. இவனை மேட்டுப்பாளையம் மண்டிக்கு வேலைக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன்,'' என்றார், அவன் அப்பா.

''பரீட்சை வரைக்குமாவது பொறுங்க,'' என்று கெஞ்சிக் கேட்டுக் கொண்டேன். அரை மனதோடு தலையாட்டினார்.

திரும்பி வரும்போது பையன் கூடவே வந்தான். மேட்டில் இருந்த பக்கத்துத் தோட்டத்தைக் காட்டினான். அங்கே தேயிலை பச்சைப் பசேல் என்றிருந்தது.

''சார், பனி மேலே இருந்துதானே விழுது? அப்போ மேட்டுல இருக்கற தோட்டத்துலதானே மொதல்ல விழணும்? எங்க தோட்டம் மட்டும் ஏன் கருகிடுச்சு?''

எனக்கு விடை தெரியவில்லை. 'நாளைக்குச் சொல்றேன்' என்று சமாளித்தேன். அந்த 'நாளை' வர ஓராண்டு ஆனது! இப்போது உங்களுக்கு உடனே சொல்லி விடுகிறேன்.

முதலில், பனி மேலே இருந்து விழுவதே இல்லை. ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி வையுங்கள். சற்று நேரத்தில் வெளிப்புறம் முத்து முத்தாக நீர் கோக்கும். அந்த நீர் எங்கிருந்தும் விழவில்லை. காற்றில் உள்ள நீராவி, குளிர்ந்த டம்ளரைத் தொட்டதும் நீராகி விட்டது. புல்லிலும் இலையிலும் பனித்துளி இப்படித்தான் உண்டாகிறது. புல்லின் குளிர் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போனால், நீராவி பனிக்கட்டித் துகளாகவே படிந்து விடும். அதுதான் உறைபனி.

புல் ஏன் அவ்வளவு குளிர்கிறது? பகலில் வாங்கிய வெப்பத்தை, தரை இரவு முழுவதும் வானத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. மேகம் இருந்தால் அது போர்வை போல வெப்பத்தைத் தடுத்துத் திருப்பித் தரும். வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு வானம் துடைத்து வைத்தது போல் இருக்கும். காற்றிலும் ஈரம் குறையும். போர்வை இல்லாத பூமி விடிவதற்குள் நடுங்கிப் போகிறது. மேகம் மூடிய இரவுகளில் பனி அதிகம் இறங்காததைக் கவனித்திருக்கிறீர்களா?

இன்னொரு வேடிக்கை. செய்தியில், 'ஊட்டியில் 3 டிகிரி' என்பார்கள். ஆனால், புல்லில் பனி உறைந்திருக்கும். வானிலை நிலைய வெப்பமானி, தரையிலிருந்து சுமார் நான்கு அடி உயரத்தில், வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. அது சொல்வது அங்கிருக்கும் காற்றின் வெப்பத்தை. தரையோடு ஒட்டிய புல், அதை விடக் குளிர்ந்து கிடக்கும்!

சரி, மேட்டுத் தோட்டம் எப்படித் தப்பித்தது? குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப் போலவே சரிவில் மெல்ல இறங்கி, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால், காற்று வீசாத இரவுகளில் மேட்டை விடப் பள்ளம்தான் அதிகம் குளிரும்.

இனி மாசி வெயிலுக்கு வருவோம். இரவில் குளிரைத் தந்த அதே தெளிந்த வானம்தான், பகலில் வெயிலையும் தடுக்காமல் விடுகிறது. சேலம், மதுரை போன்ற உள்மாவட்ட ஊர்களில் இந்தச் சமயம் பகலுக்கும் இரவுக்கும் 15 டிகிரி வரை வித்தியாசம் இருக்கும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் அவ்வளவு இராது. கடல் சட்டென்று சுடவும் செய்யாது. சட்டென்று குளிரவும் செய்யாது.

இதற்கிடையே சூரியனும் நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து, உச்சிக்கு நெருங்கி வருகிறது. ஏப்ரல் 10ஐ ஒட்டி கன்னியாகுமரிக்கும், 20ஐ ஒட்டி ஊட்டிக்கும், 24ஐ ஒட்டி சென்னைக்கும் நேர் மேலே வரும். அன்று உச்சிவேளையில் நேராக நட்ட குச்சிக்கு நிழலே விழாது. உங்கள் ஊரில் என்றைக்கு என்று குச்சி நட்டுப் பாருங்களேன்!

மலையில் இந்த மாதங்களுக்கு இன்னொரு பயம் உண்டு. உறைபனியில் கருகிய புல், மார்ச் வெயிலில் சருகாகி விடும். ஒரு தீப்பொறி போதும். அதனால்தான் வனத்துறையினர் முன்கூட்டியே புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடுகள் போடுகின்றனர். காய்ந்த மலைப்புல் எவ்வளவு ஆபத்து என்பதை, 2018 மார்ச் 11ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்த காட்டுத் தீ காட்டியது. மலையேறச் சென்றவர்கள் பலர் அதில் உயிரிழந்தனர்.

கோடை எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா? 1875ல் தொடங்கப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறை, மார்ச் முதல் மே வரைக்கான கணிப்பைப் பிப்ரவரி கடைசியை ஒட்டி வெளியிடுகிறது. 'இயல்பை விட அதிக வெப்பத்துக்கு வாய்ப்பு' என்பது போலச் சொல்வார்கள். இயல்பு என்பது 30 ஆண்டுகளின் சராசரி. இப்போது 1991 முதல் 2020 வரையிலான கணக்கை வைத்துக் கொள்கின்றனர். இதைப் படித்து விட்டு, 'ஏப்ரல் 12ம் தேதி எங்கள் தெருவில் எப்படி இருக்கும்?' என்று கேட்கக் கூடாது. 'இந்த முறை வகுப்புச் சராசரி உயரும்' என்று ஆசிரியர் சொல்லலாம். மூன்றாவது பெஞ்சில் இருக்கும் உங்கள் மதிப்பெண்ணை அதிலிருந்து சொல்ல முடியுமா?

நம் பையன் கதைக்கு வருகிறேன். அந்த ஆண்டு ஏப்ரலில் நல்ல கோடை மழை. கவாத்து செய்த தேயிலைச் செடிகளில் கொழுந்து எட்டிப் பார்த்தது. பையன் ஆண்டுத் தேர்வு எழுதினான். ஜூனில் வேறு பள்ளியில் ஆறாம் வகுப்பிலும் சேர்ந்து விட்டான். மண்டிக்குப் போகவில்லை!

மறு குளிர்காலம் தொடங்கும் முன், ஊட்டி நூலகத்தில் ஒரு புத்தகத்தில் விடையைப் படித்தேன். அன்று மாலையே வழியில் அவனை நிறுத்திச் சொன்னேன்.

''அப்போ எங்க தோட்டம், குளிர் காத்து வந்து நிக்கற குளமா சார்?'' என்று கேட்டு விட்டுச் சற்று யோசித்தான். ''காத்தை நிறுத்த முடியாது. ஆனா, மேகம் மாதிரி நாமளே ஒரு போர்வை போட்டா?''

அந்த டிசம்பரில் மாலை ஆனதும் அவனும் அப்பாவும் ஓடையோரச் செடிகளின் மேல் காய்ந்த புல்லையும் தழையையும் பரப்பினார்கள். சில நாட்கள் நானும் போய்க் கைகொடுத்தேன். மூடாமல் விட்ட கடைசி இரண்டு வரிசைகள் மட்டும் அந்த ஜனவரியில் கருகின.