‘அன்னக்கிளி’யின் ஐந்து பாடல்கள்: முதலிடம் எதற்கு?

‘அன்னக்கிளி’ படத்தில் இருப்பது ஐந்தே பாடல்கள். அவற்றில் எது முதல் என்று கேட்டால் பெரும்பாலானோர் யோசிக்காமலே ‘மச்சானப் பாத்தீங்களா’ என்பார்கள். 1976ஆம் ஆண்டு மே 14ஆம் தேதி படம் வெளியானது முதல் வானொலியிலும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் அதுதான் முன்னால் நின்றது. ஆனால் அந்த இசைத்தட்டுக்குப் பெருமை சேர்த்தது, தமிழ்த் திரையில் கிராமத்து இசைக்கு அது புதிய வழி திறந்தது என்பதுதான். அப்படியானால் கிராமத்துப் பாட்டு என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தால் இந்த வரிசை நிற்குமா?

பாடல்களை வரிசைப்படுத்தும் பழக்கமே கணக்கெடுப்பில் பிறந்ததுதான். அமெரிக்காவில் ‘கன்ட்ரி’ என்று இன்று அழைக்கப்படும் நாட்டுப்புற இசைக்கு 1944இல் ‘பில்போர்டு’ இதழ் தனிப் பட்டியல் தொடங்கியது. காசு போட்டால் பாடும் ‘ஜூக்பாக்ஸ்’ பெட்டிகளில் எந்த இசைத்தட்டு அதிகம் ஒலித்தது என்பதே அதற்கு ஆதாரம். நம் பக்கத்தில் இலங்கை வானொலி 1952இல் தொடங்கிய ‘பினாகா கீத்மாலா’ நிகழ்ச்சியில் இந்திப் பாடல்களை வாராவாரம் வரிசைப்படுத்தியது. இத்தகைய பட்டியல்கள் ஒரு பாட்டு எத்தனை முறை கேட்கப்பட்டது என்று சொல்லும். அது எங்கிருந்து வந்தது என்று சொல்லாது.

‘அன்னக்கிளி’ எங்கிருந்து வந்தது என்பது பலருக்கும் தெரிந்த கதை. பண்ணைப்புரத்தில் பிறந்த ராசையா, தாயார் சின்னத்தாய் பாடிய நாட்டுப்புறப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர். அண்ணன் பாவலர் வரதராஜனுடன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடிவிட்டுச் சென்னைக்கு வந்தார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார், ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். கதாசிரியர் ஆர்.செல்வராஜ் அவரைத் தயாரிப்பாளர் பஞ்சு அருணாசலத்திடம் அழைத்துச் சென்றார். இசைக்கருவி எதுவும் இல்லாமல் மேசையில் தாளம் போட்டே மெட்டுகளைப் பாடிக் காட்டினார் ராசையா. படமும் கிடைத்தது, ‘இளையராஜா’ என்ற பெயரும் கிடைத்தது. ஐந்து பாடல்களையும் பஞ்சு அருணாசலமே எழுதினார். ‘ஆராதனா’, ‘பாபி’ என இந்திப் பாடல்கள் தமிழ்நாட்டுத் தெருக்களிலும் முழங்கிக்கொண்டிருந்த காலம் அது.

இனி வரிசைக்கு வருவோம். ஐந்தாவது இடம் டி.எம்.சௌந்தரராஜன் பாடிய ‘அன்னக்கிளி உன்னத் தேடுதே’. குரலில் குறையில்லை. ஆனால் அது எஸ்.ஜானகி பாடிய பாட்டின் சோக வடிவம்; தனியாக நிற்பதற்கு முதல் பாட்டின் நினைவு வேண்டியிருக்கிறது. நான்காவது, பி.சுசீலாவின் ‘சொந்தமில்லை பந்தமில்லை’. மிக அழகாகப் பாடியிருக்கிறார். ஆனாலும் அதற்கு முந்தைய பத்தாண்டுகளின் எந்தச் சோகப் படத்திலும் இந்தப் பாட்டைப் பொருத்திவிடலாம்.

‘மச்சானப் பாத்தீங்களா’ மூன்றாவது இடத்துக்கு இறங்குகிறது. இதைப் படிக்கும் சிலருக்குக் கோபம் வரலாம். துள்ளலும் கேலியும் கலந்த ஜானகியின் குரலுக்கு ஈடே இல்லை. எதிர்ப்படுவதிடமெல்லாம் ‘அவரைப் பார்த்தீர்களா’ என்று கேட்பது நம் காதல் பாட்டுகளில் பழங்காலம் முதல் உள்ள முறைதான். ஆனால் இது கிராமத்தைக் கொண்டாடும் பாட்டு. கிராமம் தன்னைத்தானே இப்படிக் கொண்டாடிக்கொள்வதில்லை. ஊரை விட்டு வந்தவர்தான் கொண்டாடுவார். நகரத்தாருக்கு இது முதலிடம் ஆனதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது, ஜானகி பாடிய ‘அன்னக்கிளி உன்னத் தேடுதே’. எடுத்த எடுப்பில் வரும் அந்த முணுமுணுப்பு போதும். ஆளில்லாத வரப்பில் தனக்குத்தானே பாடிக்கொண்டு போகும் பெண்ணின் குரல் அது. பின்னால் வயலின் கூட்டமும் புல்லாங்குழலும் சேர்ந்தபோதும் அந்தத் தனிமை கலையவில்லை.

முதலிடம் ‘சுத்தச் சம்பா பச்ச நெல்லு’. ஐந்தில் இது ஒன்றுதான் வேலையிலிருந்து பிறந்த பாட்டு. ஓர் உரலில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று நெல் குத்தும்போது ஒருவர் உலக்கை இறங்க, மற்றவர் உலக்கை ஏற வேண்டும். நொடி தவறினால் உலக்கைகள் மோதும், கை மரத்துப்போகும். பாட்டு அங்கே பொழுதுபோக்கு அல்ல, கணக்கு. அதனால்தான் நெல் குத்துப் பாட்டுகளில் வரிகள் குட்டையாக இருக்கும்; ஓர் அடி, ஒரு மூச்சு, அடுத்த அடி. நடவுப் பாட்டும் ஏற்றப் பாட்டும் இப்படித்தான் உடலின் அசைவுக்கு அளவெடுத்துத் தைக்கப்பட்டவை. இளையராஜாவின் மெட்டு அந்தக் குட்டை அடிகளைக் கைவிடவில்லை. நெல்லை அரிசியாக்கிச் சோறு பொங்கும் வேலையைப் பேசும் இந்தப் பாட்டைக் கேட்கும்போது, உரலைப் பார்த்தே இராதவருக்கும் தோள் லேசாக அசையும்.

இந்தப் பாட்டு வந்த ஆண்டில் சிங்கப்பூரின் கிழக்குக் கோடியில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்கலாம். 1975இல், பாய லேபாருக்குப் பதிலாகச் சாங்கியில் புதிய விமான நிலையம் கட்ட அரசாங்கம் முடிவெடுத்தது. 1976இல் அங்கே கடலைத் தூர்க்கும் வேலையும் நிலத்தைச் சமன்படுத்தும் வேலையும் நடந்துகொண்டிருந்தன. பிரிட்டிஷ் விமானப் படைத் தளத்தில் வேலைக்கு வந்த தமிழர்கள் அதற்கு முன்பே சாங்கியில் வேரூன்றியிருந்தார்கள். 1946இல் தொடங்கிய ஸ்ரீ ராமர் கோயில் இன்றும் சாங்கி வில்லேஜில் இருக்கிறது. தீவு முழுவதும் கம்பத்து வீடுகள் மறைந்து, மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோன காலம் அது. விமான நிலையம் 1981 ஜூலை 1ஆம் தேதி செயல்படத் தொடங்கியது. கம்பம் கண்ணைவிட்டு மறைந்த அதே ஆண்டுகளில்தான் கிராமத்துப் பாட்டு ஒலிநாடாவில் ஏறி, தேக்கா கடைகள் வழியாகப் பேட்டை வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. மாடி வீட்டில் உரலுக்கு ஏது இடம்? பாட்டுக்கு இருந்தது.

அதோடு இன்னொன்றும் உண்டு. சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வந்த தமிழர்களில் பெரும்பாலானோர் இங்கே நெல் குத்த வரவில்லை. ரப்பர் வெட்டினார்கள், சாலை போட்டார்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள். அந்த வேலைகளுக்கும் பாட்டு இருந்தது. அவற்றை எந்தப் படமும் இசைத்தட்டும் ‘அன்னக்கிளி’ அளவுக்குத் தூக்கிச் செல்லவில்லை. தமிழ்நாட்டில் நா.வானமாமலை ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுத்தார். இலங்கை மலையகத்தில் சி.வி.வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்துப் பாட்டுகளைச் சேகரித்தார். மலேசியாவில் முத்தம்மாள் பழனிசாமி நாட்டுப்புறப் பாட்டின் வழியாகவே தம் கதையைச் சொன்னார். புத்தகங்களில் வரிகள் கிடைக்கின்றன. விடிகாலை இருட்டில் பால் வாளியோடு நடந்தவர்கள் அவற்றை எந்தக் குரலில், எந்த வேகத்தில் பாடினார்கள் என்பது வீட்டில் இன்னும் இருக்கும் பாட்டிமார்களின் நினைவில்தான் இருக்கிறது.