ஜெர்மனியில் வேலை: ஆஃபர் லெட்டரில் இல்லாத கணக்குகள்

ஆஃபர் வந்தாச்சு. ஆண்டுச் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்தாச்சு. வீட்டில் ஸ்வீட்டும் கொடுத்தாச்சு. ஆனால், ஜெர்மனிக்குப் போகும் பலருக்கு முதல் மாதமே ஒரு விஷயம் புரிந்துவிடும்: அங்கே கிடைக்கும் லாபத்தையும் கொடுக்கும் விலையையும் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட முடியாது.

கையில் எவ்வளவு நிற்கும்?

மாதம் 4,000 யூரோ சம்பளம் என்றால், தனி ஆளுக்குக் கைக்கு வருவது சுமார் 2,600 யூரோதான். வருமான வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு எல்லாம் முன்பே பிடித்துவிடுவார்கள். பதிலுக்கு, டாக்டரிடம் போனால் பெரும்பாலும் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் போதும்.

வீடு பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

விளம்பரத்தில் 'கால்ட்மீட்டே' என்றிருந்தால் அது வெறும் வாடகை. 'வார்ம்மீட்டே' என்றால் ஹீட்டிங் உள்ளிட்ட செலவுகளும் சேர்ந்தது. கரன்ட், இன்டர்நெட் பெரும்பாலும் தனி. அட்வான்ஸாக 3 மாத வெறும் வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. அதையும் 3 தவணையாகக் கட்டலாம். பல வீடுகளில் சமையலறை காலியாக இருக்கும். அடுப்பு, சிங்க்கூட நாம்தான் வாங்கணும்.

குடியேறிய 2 வாரத்துக்குள் முகவரியை நகராட்சியில் பதிய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளரின் கையெழுத்து தேவை. பதியாவிட்டால் வரி எண் வருவதும் தாமதமாகும். எனவே, தற்காலிக அறை எடுத்தாலும், "இந்த முகவரியைப் பதிய முடியுமா?" என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அப்போ லாபம் எங்கே?

நேரத்தில். வாரம் 5 நாள் வேலை என்றால், ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் சம்பளத்துடன் விடுப்பு தரணும், இது சட்டம். பல நிறுவனங்கள் 25 முதல் 30 நாள் தருகின்றன. சேர்ந்து 4 வாரம் ஆகிவிட்டால், உடம்பு சரியில்லாதபோது 6 வாரம் வரை முழுச் சம்பளம் உண்டு.

பயணம் இன்னொரு லாபம். ஜெர்மன் குடியிருப்பு அட்டை இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்குத் தனி விசா வேண்டாம். எந்த 180 நாளிலும் 90 நாள் வரை அங்கே தங்கலாம். வெள்ளிக்கிழமை வேலை முடித்து ரயில் ஏறினால் சனிக்கிழமை காலை பாரிஸிலோ பிராகிலோ காபி குடிக்கலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் சேராது.

எது கஷ்டம்?

முதலில் மொழி. ஆபீஸில் ஆங்கிலம் ஓடும். நகராட்சிக் கடிதமும் ஹவுஸ் ஓனரின் போனும் ஜெர்மனில்தான் வரும். 'ப்ளூ கார்டு' வைத்திருப்பவர் அடிப்படை ஜெர்மன் தெரிந்தால் 27 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம். பி1 நிலை தேறினால் 21 மாதமே போதும்.

அடுத்தது தூரம். குளிர்காலத்தில் நான்கு, நாலரை மணிக்கே இருட்டிவிடும். வேலை முடித்து, சமைத்து, இரவு 8 மணிக்கு அம்மாவுக்குப் போன் போட நினைத்தால் சென்னையில் அப்போது நள்ளிரவு 12.30. பெற்றோர் விசிட்டர் விசாவில் வந்தால் 180 நாளில் 90 நாள்தான் தங்க முடியும். ஊரில் ஒரு அவசரம் என்றால், வீடு வந்து சேர கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாள் யார் ஆஸ்பத்திரியில் நிற்பார்கள்? கிளம்பும் முன்பே அண்ணன், அக்கா, பக்கத்து வீட்டுக்காரர் என யாரிடமாவது பேசி வையுங்கள்.

தனிமைக்கு மருந்து அங்கேயும் உண்டு. ஹாம் நகரில் இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில் தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள்.

திரும்பி வருவதா, இருந்துவிடுவதா?

5 ஆண்டு வாழ்ந்தவர்கள் ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். 2024 ஜூனிலிருந்து ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை. அந்த பாஸ்போர்ட் வாங்கினால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்கணும். அதன்பின் ஓசிஐ அட்டையில் இந்தியாவுக்கு வந்து போகலாம், ஓட்டுரிமை கிடையாது. இந்த முடிவை இன்றே எடுக்க வேண்டியதில்லை. ஆனால் எத்தனை வருஷத் திட்டம் என்பதை வீட்டில் பேசிவிட்டு ஆஃபரில் கையெழுத்துப் போடுங்கள்.